டிரைக்கோடெர்மா ஏன் சில வயல்களில் வேலை செய்வதில்லை?

‘டிரைக்கோடெர்மா போட்டும் வேரழுகல் நிற்கவில்லை’ என்று யாராவது சொன்னால், எப்போது போட்டார்கள் என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். பயிர் நோயை அடக்கத் தூளாக இடப்படும் இந்த நன்மைப் பூஞ்சை முதலில் வேரைச் சுற்றிக் குடியேறும். பிறகு வரும் ரைசாக்டோனியா போன்ற நோய்ப் பூஞ்சையின் இழைகளில் கொடிபோலச் சுற்றி, நொதிகளால் அவற்றின் சுவரைக் கரைத்துத் தின்னும். வெய்ண்ட்லிங் என்ற ஆய்வாளர் 1932இலேயே இந்த ஒட்டுண்ணிக் குணத்தைப் பதிவு செய்துவிட்டார். குடியேறுவதற்கு நாள் பிடிக்கும். அழுகிப்போன வேரை மீட்டுத் தர அதனால் ஆகாது.

அதனால் விதையிலேயே தொடங்குவதுதான் சிக்கனம். ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி தூள் 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற நன்மை பாக்டீரியாத் தூள் 10 கிராம். ஆறிய கஞ்சியைச் சிறிதளவு தெளித்துப் பிசறி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிடலாம். நிலக்கடலைக்கு மட்டும் கஞ்சி வேண்டாம். ஈரம் பட்டால் தோல் ஊறிக் கழன்று முளைப்பு கெடும். உலர்ந்த தூளோடு மெல்லப் புரட்டினால் போதும்.

மண்ணில் இடுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தூளை மணலில் கலந்து வெயிலில் வீசினால் பூஞ்சைக்குத் தின்ன ஒன்றும் இருக்காது. ஹெக்டேருக்கு 2.5 கிலோ தூளை நன்கு மக்கிய 50 கிலோ தொழு உரத்தில் கலந்து, நிழலில் குவித்து, ஈரச்சாக்கால் மூடி வைக்க வேண்டும். ஈரப்பதம் பார்க்க ஒரு பிடி உரத்தை இறுக்கிப் பிழியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக் கூடாது. குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். சுட்டால் சாணம் இன்னும் மக்கவில்லை. 25 முதல் 30 டிகிரியில் செழிக்கும் பூஞ்சை அந்தச் சூட்டில் தாங்காது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால், சுமார் இரண்டு வாரத்தில் வெள்ளை இழை படர்ந்து, அதன் மேல் பச்சை பூக்கும். சில டிரைக்கோடெர்மா வகைகளுக்குத் தேங்காய் வாசம்கூட உண்டு (மூக்கைக் குவியலுக்குள் நுழைத்துப் பார்க்க வேண்டாம், வித்துத்தூள் நெஞ்சுக்கு ஆகாது). கரிப்பொடி தூவியதுபோல் கறுப்பாகப் பூத்தால் அது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜராக இருக்கலாம். நிலக்கடலையில் கழுத்தழுகலைக் கொண்டுவருவதே அதுதான், அந்தக் குவியல் வயலுக்குப் போகக் கூடாது.

வேர்ப்பகுதியில் ஈரம் இருக்கும்போது, மாலையில் இட்டு மண்ணால் மூடுங்கள். கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி டிரைக்கோடெர்மாவையும் கொல்லும். தாமிர மருந்தும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பாக்டீரியாக்கொல்லியும் சூடோமோனாஸைக் கொல்லும். முன்னும் பின்னும் இரண்டு வாரமாவது இடைவெளி விடுவது நல்லது. பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு இத்தனை உயிருள்ள வித்துகள் என்று அச்சிட்டிருப்பது தயாரித்த அன்றைய கணக்கு. கடை வாசலில் வெயிலில் கிடந்த பொட்டலத்தை நம்பி இறங்க முடியாது. டால்க் தூளில் கலந்த சூடோமோனாஸ் மூன்று நான்கு மாதத்திலேயே வலுவிழக்கும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு நன்மை பாக்டீரியா கெட்டியான உறைவித்தாக உறங்கக் கூடியது என்பதால் அதைவிட நெடுநாள் தாங்கும்.

இலை நோய்களுக்கு இப்போது அதிகம் பேசப்படும் கைட்டோசான் வேறு ரகம். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது, உயிரில்லாதது. அதன் முக்கிய வேலை செடியின் தற்காப்பைத் தூண்டிவிடுவது. அதனால் இதையும் புள்ளி விழுவதற்கு முன்பே தெளித்தாக வேண்டும். வெறும் தண்ணீரில் கரையாது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில்தான் கரையும். கரைசலைக் காரத் தண்ணீரில் ஊற்றினால் திரிதிரியாகத் திரண்டு தெளிப்பானின் மூக்கை அடைத்துக்கொள்ளும்.

வயலில் ஏற்கெனவே வாடி நிற்கும் செடிகளை வேரோடும் வேரடி மண்ணோடும் சாக்கில் போட்டு அப்புறப்படுத்துங்கள். பெருக்கி வைத்த உரம் சுற்றியுள்ள பச்சைச் செடிகளுக்குத்தான். நோய் வந்த குழியிலிருந்து அடுத்த வரிசைக்குத் தண்ணீர் பாயாமல் வாய்க்காலைத் திருப்பிவிட மறக்க வேண்டாம்.