ட்ரூப் என்றால் ஒரு சிப்பாய் அல்ல

பிழை திருத்த வரும் ஆங்கிலக் கட்டுரைகளில் 'ஒன் ட்ரூப் வாஸ் கில்டு' என்ற வரியை இன்னும் எத்தனை முறைதான் அடித்துத் திருத்துவது? 'ட்ரூப்ஸ்' சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் ஒரு வீரர் கிடைத்துவிடுவார் என்று நினைக்கிறார்கள். கிடைக்க மாட்டார். ஒருமையில் ட்ரூப் என்பது ஒரு சிறு அணி. நம் கவசப்படையில் ஒரு ட்ரூப்புக்கு 3 டாங்கிகள். ராணுவம் தெரிந்தவர் அந்த வரியைப் படித்தால் ஓர் அணியே போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்.

பன்மையில் கணக்கு மாறுகிறது. '5,000 ட்ரூப்ஸ்' என்றால் 5,000 பேர். அதைத் தமிழில் '5,000 படைப்பிரிவுகள்' என்று போடுகிறவர்களே, பிரிவுக்குப் பத்துப் பேர் என்றாலும் 50,000 ஆகிறதே, பார்க்க வேண்டாமா? பெரிய எண்ணிக்கைக்கு மட்டும் ட்ரூப்ஸ். இரண்டு மூன்று பேர் என்றால் 'சோல்ஜர்ஸ்' என்றே எழுதுங்கள். முப்படையையும் சேர்த்துச் சொல்ல 'பெர்சனல்' (personnel) இருக்கிறது. அது பன்மை, 'எ பெர்சனல்' என்று ஒன்று கிடையாது.

அடுத்த தொல்லை, ஒரே சொல் திரும்ப வருகிறதே என்று மாற்றிப் போடுவது. முதல் பத்தியில் பட்டாலியன், இரண்டாம் பத்தியில் அதுவே பிரிகேட். காலாட்படையில் 3 செக்‌ஷன் (சிறு குழு) சேர்ந்தால் பிளட்டூன், 3 பிளட்டூன் ஒரு கம்பெனி, 4 ரைஃபிள் கம்பெனிகளோடு மற்றவர்களும் சேர்ந்து சுமார் 800 பேர் பட்டாலியன். பிரிகேடில் பொதுவாக 3 பட்டாலியன். அழகுக்காக மாற்றிய ஒரு சொல்லில் படை மும்மடங்காகிவிடுகிறது. மாற்றுச் சொல் வேண்டுமென்றால் 'யூனிட்' போதும்.

ரெஜிமென்ட்டை இந்த ஏணியில் ஏற்றாதீர்கள். நீலகிரி வெலிங்டனில் பயிற்சி மையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் பல பட்டாலியன்கள் உண்டு. '4 மெட்ராஸ்' என்பது அதன் நான்காவது பட்டாலியன். கவசப்படையிலோ ரெஜிமென்ட் என்பதே 45 டாங்கிகள் கொண்ட ஒற்றை யூனிட்.

'கோர்' (corps, பெரும் படைப்பிரிவு) எழுதும்போது தயவுசெய்து நிதானியுங்கள். பி, எஸ் இரண்டும் எழுத்தில் உண்டு, ஒலிப்பில் இல்லை. பன்மைக்கும் எழுத்து அதேதான், ஒலிப்பு மட்டும் 'கோர்ஸ்' ஆகும். கடைசியில் ஓர் 'இ' ஒட்டிக்கொண்டால் பிணம் என்று பொருள். அதுவும் சரியான ஆங்கிலச் சொல் என்பதால் கணினி எழுத்துப்பிழை காட்டாது.

படைப்பிரிவின் பெயரோடு வரும் வினைச்சொல்லில் அமெரிக்க வழக்கு ஒருமை. பிரிட்டிஷ் வழக்கில் பன்மையும் செல்லும். எதையாவது ஒன்றைப் பிடியுங்கள். 'த பட்டாலியன் ஹாஸ்' என்று தொடங்கிவிட்டு, அதே வாக்கியத்தில் 'தெயர்' போடாதீர்கள். 'இட்ஸ்' போடுங்கள், அதுவும் அபாஸ்ட்ரஃபி இல்லாத 'இட்ஸ்' (its).