ஏற்காடு ஏறினால் எத்தனை கிலோ குறையும்?

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் காலை ஐந்தரை மணிக்கே நடப்பவர்கள் கூட்டம் சேர்ந்துவிடும். அங்கே ஆறு மாதமாக ஒரு நாள் விடாமல் நடந்த ஒருவர் போன ஆனி மாதம் என்னைப் பார்க்க வந்தார். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். வயது 46, எடை 84 கிலோ. நடக்க ஆரம்பித்தபோது 84.8.

"மார்கழிப் பனியில ஆரம்பிச்சனுங்க மேடம். ஒரு நாளு நிக்கலை. ஆறு மாசத்துக்கு எண்ணூறு கிராம்! பேசாம வீட்ல தூங்கியிருக்கலாம்" என்றார். நடையை விட்டுவிட்டு ஏதாவது பவுடர் கலக்கிக் குடிக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

நடந்து முடித்ததும் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நாலு பேர் சேர்ந்து ஒரு காபி குடிப்போம் என்றார். காபி மட்டுமா? சிரித்துவிட்டார். இரண்டு உளுந்த வடை. சில நாள் வடைக்குத் துணையாகப் பொங்கல்.

கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் எடை உள்ளவர் சாதாரண வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 250 முதல் 300 கலோரி வரை செலவாகும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சுவிடவும் ரத்தம் ஓட்டவும் உடம்பு 80 கலோரி எரித்திருக்கும். அதைக் கழித்தால் நடைக்கென்று நிற்பது 200 சொச்சம்தான். இரண்டு வடையும், இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் காபியும் சேர்ந்தால் 300-ஐத் தாண்டிவிடும். "செய்கூலி 200, சேதாரம் 300-ங்களா?" என்றார் அவரே. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த எண்ணூறு கிராம்கூட நிஜமாகக் குறைந்ததா என்பது சந்தேகம்தான். காலையில் வயிறு காலியானதற்கும் ஆகாததற்கும் நடுவே அவ்வளவு வித்தியாசம் வரும்.

உணவு ஆலோசகராக நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். எடை குறையவில்லை என்பதைவிட, அந்த ஏமாற்றத்தில் நடையையே நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. நடைமீது அது செய்ய முடியாத வேலையைச் சுமத்துகிறோம். அது செய்யவில்லை என்றதும் அதை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம்.

எவ்வளவு சுமத்துகிறோம் என்று பார்க்க நம் ஊரில் மலையே இருக்கிறது. ஏற்காடு அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போக, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். 80 கிலோ எடையுள்ளவர் கால்நடையாகவே ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உடம்பை அவ்வளவு உயரம் தூக்கத் தேவையான ஆற்றல் 190 கலோரிதான். நம் தசைகள் எரிக்கிற ஆற்றலில் கால்வாசிக்கும் குறைவாகவே வேலையாக மாறுகிறது, மீதி சூடாகவும் வியர்வையாகவும் போகிறது. ஆக மொத்தம் 800, 900 கலோரி என்று வைக்கலாம். மூச்சு வாங்கி, கால் நடுங்கி, மேலே போய் ஏரியைப் பார்த்தாயிற்று. பசிக்கும் இல்லையா? மூன்று பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். மலை கணக்கிலிருந்து காணாமல் போய்விடும்.

ஒன்றுமே சாப்பிடாமல் இறங்கினாலும், உடம்புக் கொழுப்பில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. ஒன்பது முறை ஏற வேண்டும், ஒரு கிலோவுக்கு. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் மலை ஏறும் பையன்கள் இதைப் படித்துவிட்டுக் கோபப்பட வேண்டாம். உங்களுக்கு அது வேறு பல வகையில் நல்லது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஒரு நாளில் நம் உடம்பு செலவு செய்வதில் 60 முதல் 70 சதவீதம், நாம் எதுவும் செய்யாமலே இதயம், மூளை, கல்லீரல் என்று உள்ளே ஓடும் இயந்திரங்களுக்கே போகிறது. சாப்பிட்டதைச் செரிக்க ஒரு பத்து சதவீதம். மிச்சம்தான் நம் கையில். அதிலும் உடற்பயிற்சி என்று தனியாகச் செய்வது கொஞ்சம். போதாதற்கு, காலையில் நடந்தவருக்கு மத்தியானம் பசி கூடும். சாயங்காலம் தெருமுனைக் கடைக்குக்கூட வண்டி எடுப்பார். 'காலையிலதான் நடந்தாச்சே' என்று மனசும் தாராளமாகிவிடும்.

சாப்பாட்டுப் பக்கம் அப்படியில்லை. 300 கலோரியை எரிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். சாப்பிடாமல் விட ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம்தான் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் நானும் தப்பு செய்தவள்தான். படித்து முடித்த புதிதில் வருகிற எல்லோருக்கும் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுப்பேன். ஓட்ஸ், பிரவுன் பிரெட், ஆலிவ் எண்ணெய், ப்ரோக்கோலி. அம்மாபேட்டையிலிருந்து தறி ஓட்டும் அம்மா ஒருவர் அதை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். அடுத்த மாதம் எடை ஒரு கிலோ கூடியிருந்தது. "அதெல்லாம் எங்க விக்குதுன்னே தெரியலை கண்ணு" என்றார். அன்றிலிருந்து தாள் கொடுப்பதை விட்டுவிட்டு, முதல் கேள்வியாக இதைக் கேட்கிறேன்: வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய்?

நாலு பேருக்கு ஐந்து லிட்டர் என்பதுதான் நான் அதிகம் கேட்கும் பதில். வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்குக் கொஞ்சம் மேல். கலோரியில் 340-க்குப் பக்கம். பலகாரம் சுட்ட எண்ணெயைக் கொட்டுகிறோமே என்று யாரும் சொல்ல முடியாது. நம் வீடுகளில் அது மறுநாள் தாளிப்புக்குப் போய்விடும் (அப்படிச் செய்யக் கூடாது என்பது தனிக் கதை). அதே வீட்டில் மூன்று லிட்டரில் மாதத்தை ஓட்டினால் ஆளுக்குத் தினமும் 135 கலோரி குறையும். கிட்டத்தட்ட முக்கால் மணி நேர நடை. யாரும் எதையும் கைவிடவில்லை, யாரும் பட்டினி கிடக்கவில்லை. எண்ணெயை பாட்டிலிலிருந்து நேராகச் சாய்க்காமல் கரண்டியில் அளந்து ஊற்றினார்கள், அவ்வளவே.

அடுத்தது சாயங்காலம். சேலத்தில் இருந்துகொண்டு தட்டுவடை செட்டைத் தொடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானும் சாப்பிடுகிறவள். ஆனால் "உள்ள பீட்ரூட், கேரட்டுதானுங்க மேடம்" என்று சொல்பவர்களிடம் மட்டும் சண்டை போடுவேன். உள்ளே இருப்பது காய்தான், சரி. மேலும் கீழும் இருப்பது எண்ணெயில் பொரித்த தட்டை. வாரம் ஒரு நாள் நின்று ரசித்துச் சாப்பிடுங்கள். தினமும் ஆறு மணிக்குக் கால் தானாக அந்தத் தள்ளுவண்டிப் பக்கம் போகிறது என்றால், அங்கேதான் உங்கள் எடை இருக்கிறது.

ஜவ்வரிசி ஊர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். விரத நாளிலும் டயட் என்ற பெயரிலும் 'லேசான சாப்பாடு' என்று ஜவ்வரிசி உப்புமா, கஞ்சி சாப்பிடுகிறார்கள். வேகாத ஜவ்வரிசி 100 கிராமில் 350 கலோரி இருக்கிறது. அத்தனையும் மாவுச்சத்து. புரதம் ஏறக்குறைய இல்லவே இல்லை. வயிற்றுக்கு லேசு, எடைக்கு லேசில்லை. ராகிக் களியும் அப்படித்தான்: அரிசியைவிட நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், பசி தாங்கும், ஆனால் கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான். 'களிதானே' என்று இரண்டு உருண்டை கூடப் போட்டுக்கொண்டால் பலன் இல்லை. ஒரு உருண்டையைக் குறைத்துக் கீரைக் கடைசலையும் பச்சைப்பயறையும் கூட்டினால் பலன் உண்டு.

மாதம் ஒரு முறை ஏற்காட்டுப் பக்கம் மலைக் கிராமம் ஒன்றில் நடக்கும் முகாமுக்குப் போகிறேன். முதல் முறை போனபோது அங்கே எடைப் பிரச்சினையே இருக்காது என்று நினைத்துத்தான் போனேன். காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் பெண்கள், பகல் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிறவர்கள். அளந்து பார்த்தால் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்கு மேல். நம் நாட்டுப் பெண்களுக்கு அதுதான் எல்லை, ஆண்களுக்கு 90. மூன்று வேளையும் சோறு, பருப்பு பேருக்கு, நடுவே சர்க்கரை தூக்கலாக நாலைந்து டீ. இவ்வளவு உழைத்துமா என்று குழம்பிப்போனேன்.

பிறகுதான் அமெரிக்க மானிடவியலாளர் ஹெர்மன் பான்ட்சர் குழுவின் ஆய்வை ஞாபகப்படுத்திக்கொண்டேன். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்கள் ஒரு நாளில் செலவிடும் மொத்த ஆற்றலை அளந்து 2012-ல் வெளியிட்டார்கள். உடம்பு அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் அமெரிக்கர்கள் செலவிடுவதும் அவர்கள் செலவிடுவதும் ஏறத்தாழ ஒன்றே. உழைப்பு கூடும்போது உடம்பு வேறு இடங்களில் சிக்கனம் பிடித்துக்கொள்கிறது என்பது பான்ட்சரின் விளக்கம். இந்த விளக்கத்தை எல்லோரும் முழுதாக ஏற்கவில்லை. என் முகாம் அனுபவத்துக்கு அது பொருந்துகிறது.

ஆனால் அதே முகாமில் இன்னொன்றையும் பார்த்தேன். அறுபது வயதுப் பெண்கள் தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தார்கள். டவுனில் என்னிடம் வரும் நாற்பத்தைந்து வயதுக்காரர்களில் பலருக்கு அது முடிவதில்லை.

உடற்பயிற்சியின் வேலை அங்கேதான் இருக்கிறது. அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் ஆசிரியை ஒருவர் இரண்டு வேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மூன்று மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்தார். உடற்பயிற்சி கிடையாது. எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் முடி கொட்ட ஆரம்பித்தது, மாடி ஏறினால் தொடை நடுங்கியது. வெறும் பட்டினியில் குறையும் எடையில் கால்வாசி வரை தசையாக இருக்கும். ஒரு வருடத்தில் அவருக்குப் பத்து கிலோ திரும்பி வந்தது. போனது தசையும் கொழுப்பும், வந்தது பெரும்பாலும் கொழுப்பு. முன்பைவிட மோசமான இடத்தில் நின்றார். இப்போது அவருக்கு நான் சொல்லியிருப்பது, வாரம் இரண்டு மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. கூடவே தினம் ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும். ஜிம்முக்குப் போகத் தோதுப்பட்டால் இன்னும் நல்லது.

குறைந்த எடையைத் தக்க வைப்பதிலும் உடற்பயிற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் 1994 முதல், 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது அப்படியே இருப்பவர்களின் பதிவேடு ஒன்றை நடத்துகிறார்கள். அதில் பெரும்பாலோர் தினமும் ஒரு மணி நேர அளவுக்கு ஏதாவது பயிற்சி செய்கிறவர்கள்.

தராசு நகராவிட்டாலும் உள்ளே நல்லது நடக்கலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களைச் சாப்பாட்டை மாற்றவும் நடக்கவும் வைத்தார்கள். அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. எடையோ பெரிதாகக் குறையவில்லை. தராசை மட்டும் நம்பியிருந்தால் அவர்களும் 'பலன் இல்லை' என்று பாதியில் விட்டிருப்பார்கள்.

பட்டறைக்காரர் பவுடர் வாங்கவில்லை. வடை ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. காபியில் அரை ஸ்பூன் சர்க்கரை. ராத்திரி ஐந்து தோசை இரண்டாகி, கூட ஒரு முட்டையும் சுண்டலும் வந்தன. நடையை விடக் கூடாது என்று மட்டும் கறாராகச் சொன்னேன். ஒன்பது மாதத்தில் 77 கிலோ, இடுப்பு 104 சென்டிமீட்டரிலிருந்து 96. இன்னும் போக வேண்டும். நடுவில் இரண்டு மாதம் எடை அசையவே இல்லை. அப்போது சண்டைக்கு வந்தார், தீபாவளிப் பலகாரத்தைப் பற்றிக் கேட்டதும் அமைதியானார்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாகக் குறைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உங்கள் டாக்டரிடம் கேட்டு மருந்தின் அளவைச் சரிபார்த்த பிறகு குறையுங்கள். பழைய அளவு மருந்தும் பாதிச் சாப்பாடும் காலை நடையும் சேர்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டல், படபடப்பு வந்தால் நடையை அப்படியே நிறுத்தி உட்கார்ந்து, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை குடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடக்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையும் போனும் இருக்கட்டும்.