சொந்தக் காருக்கு வீட்டிலேயே சூப்பர்சார்ஜர்: கலிபோர்னியாவின் விதி எதை அனுமதிக்கிறது?

கலிபோர்னியாவில் பதிவான ஒரு காருக்கு, அதன் உரிமையாளர் தம் வீட்டு கராஜிலேயே சூப்பர்சார்ஜர் பொருத்திக்கொள்வதை மாநிலச் சட்டம் தடுக்கவில்லை. அந்த வேலையை மெக்கானிக் ஒருவர்தான் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆனால் எந்த சூப்பர்சார்ஜரை, எந்த ஆண்டில் வெளிவந்த எந்த என்ஜினில், எந்த மென்பொருளுடன் பொருத்தலாம் என்பதில் அந்த மாநிலம் மிகவும் கண்டிப்பாக இருக்கிறது. பல ஆயிரம் டாலர் விலையுள்ள ஒரு பொருளை வாங்கிப் பொருத்தி, இரண்டு ஆண்டுகள் ஓட்டிய பிறகு ஸ்மாக் செக் எனப்படும் வாகனப் புகைச் சோதனை நிலையத்தில் இந்த விதியை முதன்முறையாகக் கேள்விப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டியவற்றை விளக்குவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சூப்பர்சார்ஜர் என்பது என்ஜினின் கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் ஒரு காற்றழுத்தி. இயல்பாக என்ஜின் உறிஞ்சும் அளவைவிட அதிகமான காற்றை அது உள்ளே தள்ளுகிறது. காற்று கூடும்போது அதற்கேற்ப எரிபொருளும் கூட வேண்டும் என்பதால், பெரும்பாலான தொகுப்புகளில் எரிபொருளைத் தெளிக்கும் பெரிய இன்ஜெக்டர்களும் என்ஜின் கணினிக்கான புதிய மென்பொருளும் சேர்ந்தே வருகின்றன. இங்குதான் புகைக் கட்டுப்பாடு குறுக்கிடுகிறது. காரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தையொட்டி என்ஜின் எரியும்போது மட்டுமே மூன்று வகை நச்சுகளையும் ஒருசேரக் குறைக்கிறது. எரிபொருள் மிகுந்தால் கார்பன் மோனாக்சைடும் எரியாத ஹைட்ரோகார்பனும் கூடும். காற்று மிகுந்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையாமல் வெளியேறும். கிராங்க் கேஸ் ஆவிக் குழாய்களும் பெட்ரோல் டேங்கின் ஆவியைப் பிடிக்கும் அமைப்பும்கூட, உள்ளே வரும் காற்றின் அழுத்தம் மாறும்போது பாதிக்கப்படக்கூடியவை. ஆகவே சூப்பர்சார்ஜரை வெறும் துணைக்கருவியாக அல்லாமல், புகைக் கட்டுப்பாட்டு அமைப்பை மாற்றும் பாகமாகவே சட்டம் கருதுகிறது.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 1943-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரைப் புகைமூட்டம் சூழ்ந்தபோது அதற்கு என்ன காரணம் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் வேதியியல் அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மிட், வாகனங்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். 1967-இல் உருவாக்கப்பட்ட கலிபோர்னியா காற்று வள வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக ஒரு தலைமுறை பட்ட துன்பத்திலிருந்து பிறந்த விதி இது. அதை வெறும் தொந்தரவாகப் பார்ப்பது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்தின் மையம் மாநில வாகனச் சட்டத்தின் 27156-ஆம் பிரிவு. புகைக் கட்டுப்பாட்டு அமைப்பின் மூல வடிவமைப்பையோ செயல்திறனையோ மாற்றும் எந்தக் கருவியையும் பொருத்துவதும், விற்பதும், விளம்பரம் செய்வதும் குற்றம் என்று அது சொல்கிறது. அந்த அமைப்பு சரியான நிலையில் இல்லாத காரைச் சாலையில் ஓட்டுவதையும் நிறுத்திவைப்பதையும் அதே பிரிவு தடைசெய்கிறது. ஆகவே பொருத்தியவர் கடைக்காரரா, உரிமையாளரா என்ற வேறுபாட்டால் பொறுப்பு நீங்கிவிடாது. ஆனால் அப்பிரிவிலேயே ஒரு விலக்கும் உண்டு. ஒரு கருவி புகைக் கட்டுப்பாட்டின் பயனைக் குறைப்பதில்லை என்றோ, அதைப் பொருத்திய பிறகும் வாகனம் உரிய புகை அளவுகளுக்குள் அடங்குகிறது என்றோ காற்று வள வாரியம் கண்டறிந்தால், அந்தக் கருவிக்குத் தடை பொருந்தாது. அப்படிக் கண்டறிந்ததற்கு வாரியம் வழங்கும் ஆவணமே நிர்வாக ஆணை. கார் பிரியர்கள் இதை இ.ஓ. என்றும், அதன் எண்ணை இ.ஓ. நம்பர் என்றும் குறிப்பிடுகிறார்கள்.

இந்த ஆணையைப் பெறும் பொறுப்பு சூப்பர்சார்ஜர் தயாரிப்பாளருடையது. அவர்தான் விண்ணப்பித்து, தம் தொகுப்பைப் பொருத்திய வாகனத்தைச் சோதனைக்கு உட்படுத்தி, முடிவுகளை வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். வாங்குபவர் செய்ய வேண்டியது, அந்த ஆணை தம் காருக்குப் பொருந்துகிறதா என்று சரிபார்ப்பது. ஆணைகளின் தரவுத்தளத்தை வாரியம் தன் இணையதளத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் டி என்ற எழுத்தில் தொடங்கி, இடையே கோடுகளுடன் வரும் எண்ணை அங்கே உள்ளிட்டால் ஆணையின் முழு நகலும் கிடைக்கும். அதை வரிவரியாகப் படிக்க வேண்டும். காரின் பெயர் இருந்தால் போதாது. ஆண்டும் என்ஜின் கொள்ளளவும் பாகத்தின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 2015 முதல் 2017 வரையிலான ஒரு காருக்கு வழங்கப்பட்ட ஆணை, தோற்றத்தில் அதே போன்று இருக்கும் 2018-ஆம் ஆண்டு காருக்குத் தானாகச் செல்லாது. ‘ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும்’ என்ற விளம்பர வாசகத்துக்கும், ‘விண்ணப்பம் நிலுவையில் உள்ளது’ என்ற குறிப்புக்கும் சட்டத்தின் முன் எந்த மதிப்பும் இல்லை. எண் கையில் இருந்தால்தான் விலக்கு உண்டு. ‘பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அச்சிட்ட பொருளைச் சாலையில் ஓடும் காரில் பொருத்தவே கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிர்வாக ஆணை என்பது புகையைப் பற்றிய விலக்கு மட்டுமே. அந்தப் பொருள் நீடித்து உழைக்கும் என்றோ, சொல்லப்படும் குதிரைத்திறனைத் தரும் என்றோ வாரியம் சான்றளிப்பதில்லை. தன் பெயரைப் பரிந்துரையாகக் காட்டக் கூடாது என்பதை ஆணையிலேயே எழுதிவைக்கிறது.

வீட்டில் பொருத்துகிறவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் பொருத்தி முடித்த பிறகு வருகிறது. ஆணை வழங்கப்பட்டது ஒரு முழுத் தொகுப்புக்கு: குறிப்பிட்ட அளவு புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்), குறிப்பிட்ட இன்ஜெக்டர்கள், தயாரிப்பாளர் கொடுத்த மென்பொருள் ஆகியவை சேர்ந்தே அந்தத் தொகுப்பு ஆகின்றன. தொடக்கத்தில் விதிப்படி பொருத்திவிட்டு, சில மாதங்களில் அழுத்தத்தைக் கூட்டுவதற்காகச் சிறிய புல்லியை மாட்டுவதும், தனியார் ட்யூனர் ஒருவரிடம் கொடுத்து டைனோ என்ற திறன் அளக்கும் கருவியில் வைத்து மென்பொருளை மாற்றி எழுதுவதும் மிகச் சாதாரணமாக நடக்கின்றன. அப்படி மாற்றிய நொடியிலேயே காரில் இருப்பது ஆணை பெற்ற தொகுப்பு அல்ல. பழைய தொகுப்பை வேறொருவரிடமிருந்து வாங்குகிறவர்களும் இதே காரணத்தால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மென்பொருள் வேறு காருடன் பிணைக்கப்பட்டிருக்கலாம், அடையாள ஒட்டி தொலைந்திருக்கலாம், இன்ஜெக்டர்கள் மாற்றப்பட்டிருக்கலாம்.

முன்பெல்லாம் மென்பொருள் மாற்றத்தைச் சோதனை நிலையத்தில் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. 2021 ஜூலை 19 முதல் நிலைமை மாறிவிட்டது. என்ஜின் கணினியில் உள்ள மென்பொருளின் அடையாள எண்ணையும் சரிபார்ப்பு எண்ணையும் ஸ்மாக் செக் கருவி நேரடியாகப் படிக்கிறது. அவை கார் தயாரிப்பாளர் வழங்கியவையாகவோ, நிர்வாக ஆணைக்கு உட்பட்டவையாகவோ இல்லாவிட்டால், புகைபோக்கியில் வெளிவருவது எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் கார் தேர்ச்சி பெறாது. பிறகு செய்ய வேண்டியது, ஏற்கத்தக்க மென்பொருளை மீண்டும் ஏற்றிக்கொண்டு வருவதுதான்.

ஸ்மாக் செக் சோதனையை மாநிலத்தின் வாகனப் பழுதுபார்ப்புப் பணியகம் நடத்துகிறது. பெரும்பாலான பகுதிகளில் இது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். பெட்ரோல் கார்களில் 1975-ஆம் ஆண்டும் அதற்கு முந்தையவையும் இந்தச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவை. புதிய கார்களுக்கு முதல் எட்டு மாடல் ஆண்டுகள் வரை சோதனைக்குப் பதிலாக ஆண்டுக் கட்டணம் மட்டும் உண்டு. சோதனைக்கு விலக்கு இருப்பதால் 27156-ஆம் பிரிவும் விலகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. காவல்துறை அதிகாரி சாலையில் நிறுத்தி விதிமீறல் அறிவிப்புக் கொடுக்க அந்தப் பிரிவே போதும்.

சோதனையில் முதலில் பார்வைப் பரிசோதனை நடக்கும். பானெட்டைத் திறந்ததும் தொழில்நுட்பர் ஆணை எண் உள்ள ஒட்டியைத் தேடுவார். தொகுப்புடன் வரும் அந்த ஒட்டியை, வெப்பத்தில் கருகாத, எளிதில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவது பொருத்தும் வேலையின் ஒரு பகுதியே ஆகும். ஆணையின் அச்சு நகலொன்றைக் காரிலேயே வைத்திருப்பது நல்லது. ஒட்டி தொலைந்தால் தயாரிப்பாளரிடம் மாற்று ஒட்டி கேட்கலாம். சூப்பர்சார்ஜருடன் ஹெடர் (என்ஜினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்த் தொகுதி), காற்று உறிஞ்சும் குழாய், வேறு வகை கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஆகியவற்றையும் சேர்த்து மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் தனி ஆணை தேவை. கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் புகைக்குழாய்க்கும் சைலன்சருக்கும் மட்டும் அந்தத் தேவை இல்லை.

2000-ஆம் ஆண்டும் அதற்குப் பிந்தையவையுமான பெட்ரோல் கார்களில், அடுத்தபடியாகக் காரின் கணினியுடன் சோதனைக் கருவி இணைக்கப்படும். புதிய மென்பொருளை ஏற்றும்போதோ பேட்டரியைக் கழற்றும்போதோ, காரின் தன்சோதனைப் பதிவுகள் அழிந்துவிடுகின்றன. அவை மீண்டும் நிறைவடையச் சில நாள்கள் வழக்கம்போல் ஓட்ட வேண்டும். இந்தக் கார்களில் பெட்ரோல் ஆவி தொடர்பான ஒரு பதிவு மட்டும் நிறைவடையாமல் இருக்கலாம். மற்றவை எல்லாம் நிறைவடைந்திருக்க வேண்டும். ஆகையால் பொருத்திய மறுநாளே சோதனைக்குப் போவதில் பயனில்லை.

ஆணையும் ஒட்டியும் சரியாக இருந்தும் தொழில்நுட்பர் தவறாகத் தோல்வி கொடுத்துவிட்டார் என்று கருதினால், பணியகத்தின் ஸ்மாக் செக் நடுவரிடம் முறையிட உரிமையாளருக்கு உரிமை உண்டு. நடுவர் காரை நேரில் பரிசோதித்து முடிவு சொல்வார். காவல்துறை அறிவிப்பு பெற்றவர்களையும் நீதிமன்றம் இவரிடம் அனுப்புவதுண்டு. சூப்பர்சார்ஜர் சேர்ப்பது என்ஜின் மாற்றமாகக் கருதப்படாது என்பதால், விதிப்படி பொருத்தியவர் தானாக முன்வந்து நடுவரிடம் செல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆலையிலேயே சூப்பர்சார்ஜர் பொருத்தி வந்த வேறொரு என்ஜினைக் கழற்றி மாட்டினால் அது என்ஜின் மாற்றம். அதற்கு நடுவரின் ஒப்புதல் வேண்டும். குறைந்த வருமானம் உள்ளவர்களுக்குப் பணியகம் வழங்கும் பழுதுபார்ப்பு உதவித்தொகை, புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைத் திருத்தியதால் தோற்ற கார்களுக்குக் கிடைக்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வீட்டில் வேலை செய்வது குறித்து மாநில விதி பேசாவிட்டாலும் உள்ளாட்சி விதிகள் பேசுகின்றன. சாக்ரமென்டோ கவுண்டியில், குடியிருப்புப் பகுதியில் அங்கே வசிப்பவரின் பெயரில் பதிவான காரைத்தான் பழுதுபார்க்கலாம். சாதாரணமாக வீடுகளில் இல்லாத கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. மூடிய கராஜுக்கு வெளியே செய்யும் வேலையால் கார் 24 மணி நேரத்துக்கு மேல் ஓடாத நிலையில் கிடக்கக் கூடாது. என்ஜினுக்குள் காற்றைப் பகிர்ந்தளிக்கும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றும் வேலை வார இறுதிக்குள் முடியாமல் போவது வழக்கம் என்பதால், தம் நகரத்தின் திட்டமிடல் அலுவலகத்திலும், வாடகை வீடாக இருந்தால் ஒப்பந்தத்திலும், குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் விதிகளிலும் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். வடித்தெடுத்த கூலன்ட்டை மழைநீர் வடிகாலில் கொட்டுவது சட்டவிரோதம். வீட்டு அபாயக் கழிவு சேகரிப்பு மையத்தில் அதைக் கொடுக்கலாம். பழைய எண்ணெயை மாநிலச் சான்று பெற்ற சேகரிப்பு நிலையங்கள் இலவசமாக ஏற்றுக்கொள்கின்றன.

வாரண்டியைப் பொறுத்தவரை, 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் கூட்டாட்சிச் சட்டம் உரிமையாளருக்குத் துணை நிற்கிறது. வெளிச்சந்தைப் பாகம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது என்ற காரணத்தை மட்டும் சொல்லிக் கார் நிறுவனம் வாரண்டியை ரத்து செய்ய முடியாது. அந்தப் பாகத்தால்தான் பழுது ஏற்பட்டது என்று காட்டினால் அந்தப் பழுதுக்கு மட்டும் மறுக்கலாம். சூப்பர்சார்ஜர் பொருத்திய காரில் பிஸ்டன் உடைந்தால் நிறுவனத்துக்கு அதைக் காட்டுவது கடினமாக இருக்காது. கண்ணாடி ஏற்றும் மோட்டார் பழுதானால் அந்தக் காரணம் செல்லாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுவது பாதுகாப்பானது.

வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்கிறவர்களுக்கும் ஆணை பயன்படும். கூட்டாட்சித் தூய காற்றுச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு புகைக் கட்டுப்பாட்டைச் சீர்குலைப்பதை நாடு முழுவதும் தடைசெய்கிறது. கலிபோர்னியாவின் ஆணை பெற்ற பாகத்தை, அதன் நிபந்தனைகளின்படி பொருத்தியிருந்தால், அது சீர்குலைப்பு அல்ல என்பதற்கு அந்த ஆணையையே கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை போதிய அடிப்படையாக ஏற்கிறது.

கலிபோர்னியாவிலேயே காரை விற்பதானால், செல்லுபடியாகும் ஸ்மாக் சான்றிதழைக் கொடுக்கும் பொறுப்பு விற்பவருடையது. விற்பனையில் விலக்குப் பெறுவது முதல் நான்கு மாடல் ஆண்டுகள் மட்டுமே என்பதால், வழக்கமான சோதனை இன்னும் வராத ஐந்து அல்லது ஆறு ஆண்டுக் கார்களும் அப்போது நிலையத்துக்குப் போக வேண்டும். ஆணையின் நகலையும், பொருத்தும் வழிமுறைக் கையேட்டையும், கழற்றிவைத்த மூலப் பாகங்களையும் காருடன் சேர்த்துக் கொடுத்துவிட்டால், வாங்குபவர் அடுத்த சோதனையைத் தடையின்றி எதிர்கொள்ள முடியும்.