சாகித்ய அகாதெமி பரிசு: தரம் பார்க்கிறதுக்கு முன்னாடியே புத்தகம் எங்க தள்ளுபடி ஆகுது

விருது அறிவிக்கிற அன்னைக்கு எல்லாரும் நடுவர் யாரு, யாருக்கு யாரு வேண்டப்பட்டவங்கன்னு பேச ஆரம்பிச்சிடுறாங்க. பேசட்டும். ஆனா நான் பார்த்த வரைக்கும் நிறைய நல்ல புத்தகம் நடுவர் கைக்குப் போறதே இல்ல. அதுக்கு முன்னாடியே, தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடி காப்புரிமை விவரம் போடுற அந்தப் பக்கத்துல, ஒரு தேதியில, ஒரு பேருல, ஒரு வரியில தள்ளுபடி ஆயிடுது. எழுதினவங்களுக்கு ஏன்னு தெரியவும் தெரியாது, பட்டியல்ல பேரு இல்ல அவ்வளவுதான். குறிப்பா மொழிபெயர்க்கிறவங்க இதுல ரொம்ப அடிபடுறாங்க, அதனால அவங்களை மனசுல வச்சுதான் இதை எழுதுறேன்.

வரலாறு ரெண்டு வரில சொல்லிடுறேன். சாகித்ய அகாதெமிங்கிறது 1954ல மத்திய அரசு இலக்கியத்துக்காக ஆரம்பிச்ச அமைப்பு, 24 மொழிக்கு விருது குடுக்குது. முதன்மை விருது 1 லட்சம் ரூபா, மொழிபெயர்ப்புப் பரிசு 1989ல இருந்து இருக்கு, அது 50,000. சிறுவர் இலக்கியத்துக்கு பால சாகித்ய புரஸ்கார் 2010ல இருந்து, இளைஞர்களுக்கு யுவ புரஸ்கார் 2011ல இருந்து, ரெண்டும் 50,000. மிச்சத்தை அவங்க இணையதளத்துல படிச்சுக்கோங்க.

இப்ப தேதிக்கு வருவோம், ஏன்னா முக்கால்வாசி ஆளு விழுற குழி இதுதான். "போன வருஷம் வந்த புத்தகத்துக்கு இந்த வருஷம் விருது"ன்னு நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க. அப்படி இல்லவே இல்ல. முதன்மை விருதுக்கும் மொழிபெயர்ப்புக்கும் விருது வருஷத்துக்கு முந்தின வருஷத்தை விட்டுட்டு, அதுக்கும் முன்னாடி அஞ்சு வருஷம் எடுத்துக்கிறாங்க. 2024 விருதுன்னா 2018 ஜனவரி 1 முதல் 2022 டிசம்பர் 31 வரைக்கும் முதல் தடவையா வெளிவந்த புத்தகம். அதாவது 2022 டிசம்பர்ல வந்த புத்தகம் 2024ல இருந்து 2028 வரைக்கும் வரிசையில நிக்கும். அதே புத்தகத்துல பதிப்பாளர் "ஜனவரி 2023"ன்னு அச்சடிச்சிட்டா 2025லதான் வரிசைக்கே வரும். சென்னை புத்தகக் காட்சிக்காக டிசம்பர்ல ராத்திரி பகலா அச்சடிக்கிறாங்களே, அப்ப "புதுசா தெரியட்டும் சார், ஜனவரி போட்டுருவோம்"னு சாதாரணமா சொல்வாங்க. எழுபது வயசு தாண்டின மொழிபெயர்ப்பாளருக்கு அந்த ஒரு வருஷம் சின்ன விஷயம் இல்லங்க. ஃபைனல் ப்ரூஃப் வரும்போது கதையை மட்டும் திருத்தாதீங்க, அந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்க.

இதைவிட மோசம் மறுபதிப்பு. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, ஸ்கூல் டீச்சர், மலையாள நாவல் ஒண்ணை லீவு நாள்லயும் ராத்திரியிலயும் உக்காந்து வருஷக்கணக்கா மொழிபெயர்த்தாங்க. 2014ல ஒரு சின்னப் பதிப்பகம் போட்டுச்சு, முந்நூறு காப்பி அடிச்சதோட பதிப்பகமே படுத்துடுச்சு. அப்புறம் 2019ல கொஞ்சம் பெரிய இடம் ஒண்ணு அதையே புது அட்டையோட போட்டுச்சு, உள்ள "முதல் பதிப்பு: 2019"ன்னு போட்டுட்டாங்க, அவங்க பதிப்பகத்துக்கு அது முதல் பதிப்புங்கிற கணக்குல. அக்காவும் எதுவும் சொல்லல, பெரிய இடம்னு ஒரு மரியாதை. நாவல் அப்பதான் நாலு பேரு கண்ணுல பட்டுச்சு, எல்லாரும் பாராட்டினாங்க, நிச்சயம் பட்டியல்ல வரும்னாங்க. யாரோ ஒருத்தர் பழைய 2014 காப்பியோட அட்டையை போட்டோ எடுத்துப் போட்டார், அதோட பேச்சு முடிஞ்சது. 2014 புத்தகம்னா 2016ல இருந்து 2020 வரைக்கும்தான் காலம், அதுக்குள்ள அது போயே போச்சு. இதுல வேதனை என்னன்னா ஏமாத்தினது அக்காதான்னு ஆயிடுச்சு, அச்சடிச்ச பதிப்பகத்தை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. மறுபதிப்புன்னா "முதல் பதிப்பு 2014, இந்தப் பதிப்பு 2019"னு ரெண்டையும் போடச் சொல்லுங்க, பதிப்பாளர் மூஞ்சி சுளிச்சாலும் பரவாயில்ல.

தேதியை நிரூபிக்கிறதுக்கும் ஒரு வழி இருக்கு, அதை யாரும் சொல்லித் தர்றதில்ல. 1954லயே ஒரு சட்டம் போட்டிருக்காங்க, புத்தகம் வந்த 30 நாளைக்குள்ள பதிப்பாளர் தன் செலவுல கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம்ம சென்னை கன்னிமாரா உட்பட வேற மூணு நூலகத்துக்கும் ஒவ்வொரு காப்பி அனுப்பியாகணும், நூலகம் அதுக்கு எழுத்துல ரசீது குடுக்கணும். அனுப்பலன்னா அபராதம் வெறும் 50 ரூபா வரைக்கும், கூட புத்தகத்தோட விலை, அதனால சின்னப் பதிப்பகம் பல பேர் கண்டுக்கிறதே இல்ல. நீங்க கண்டுக்கோங்க. "அனுப்பிட்டீங்களாண்ணே, ரசீது ஒரு காப்பி குடுங்க"ன்னு கேளுங்க. நாளைக்கு எந்த வருஷம் வந்துச்சுன்னு சண்டை வந்தா அந்தத் துண்டுச் சீட்டுதான் பேசும். அதே மாதிரி ஐஎஸ்பிஎன் நம்பர், அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் குடுக்கிற அடையாள எண், வாங்கித் தர்றேன்னு ஆயிரம் ரெண்டாயிரம் கேக்குறவங்க இருக்காங்க, ஒரு பைசா குடுக்காதீங்க. அது மத்தியக் கல்வி அமைச்சகத்துக்குக் கீழ இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்ஸி ஆன்லைன்ல இலவசமா குடுக்குறது. சொந்தமா புத்தகம் போடுற ஆளும் நேரடியா விண்ணப்பிக்கலாம்.

மொழிபெயர்ப்புக்குன்னே தனியா சில விஷயம் இருக்கு. முதல்ல, இது இந்திய மொழிகளுக்குள்ள நடக்கிற மொழிபெயர்ப்புக்கான பரிசு. ரஷ்ய நாவலோ ஜார்ஜிய நாவலோ எவ்வளவு அருமையா தமிழ்ல கொண்டு வந்திருந்தாலும் இங்க கணக்குல வராது. ஆனா இந்தியர் ஒருத்தர் ஆங்கிலத்துல எழுதினதைத் தமிழாக்கம் பண்ணியிருந்தா வரும், ஏன்னா அந்த 24 மொழியில ஆங்கிலமும் ஒண்ணு. 2022க்குத் தமிழ்ல பரிசு வாங்கினது கன்னடத்துல இருந்து வந்த புத்தகம், 2023க்கு ஆங்கிலத்துல இருந்து, 2024க்கு மலையாளத்துல இருந்து. வெளிநாட்டு இலக்கியம் பண்றவங்க தயவுசெஞ்சு இதை நம்பி வருஷத்தை ஓட்டாதீங்க.

அடுத்தது அனுமதிக் கடிதம். மூல ஆசிரியர் உயிரோட இருக்கிற வரைக்கும், அவர் போன பிறகு 60 வருஷம், மொழிபெயர்க்கிற உரிமை அவர்கிட்டயோ வாரிசுகிட்டயோதான். "வாயால சொல்லிட்டார், நல்ல மனுஷன்"னு ஆரம்பிச்சு, புத்தகம் வந்த பிறகு அவர் பையன் வக்கீல் நோட்டீஸ் விட்ட கதை எல்லாம் இருக்கு. ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனா அது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். வாரிசு நாலு பேருன்னா நாலு பேர் கையெழுத்தும் வாங்குங்க. இதுல நடக்குற அலைச்சல் கொஞ்ச நஞ்சம் இல்ல. மூல ஆசிரியர் "பதிப்பகத்துக்கிட்ட கேளுங்க"ம்பார், பதிப்பகம் "எங்ககிட்ட தமிழ் உரிமை இல்ல, ஆசிரியரைக் கேளுங்க"ம்பாங்க, இப்படியே மாசம் ஓடும். அதனால முதல் அத்தியாயத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடியே இந்த வேலையை முடிச்சிடுங்க, கடைசி அத்தியாயத்துக்கு அப்புறம் போய் நின்னா உங்க கழுத்து அவங்க கையில.

பதிப்பாளர் நீட்டுற ஒப்பந்தமும் அப்படித்தான். மொழிபெயர்ப்பு மேல உங்களுக்குத் தனியா காப்புரிமை உண்டு, அதை நிறைய பேர் உங்ககிட்ட சொல்ல மாட்டாங்க. "சகல உரிமைகளும் பதிப்பகத்துக்கு"ன்னு ஒத்த வரி போட்டு, எத்தனை வருஷம்னு எழுதாம கையெழுத்து வாங்கினா, 1957 காப்புரிமைச் சட்டப்படி அது அஞ்சு வருஷத்துக்குத்தான் செல்லும். எந்த நாட்டுக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்கு மட்டும்தான். இன்னொண்ணு, உரிமையையே எழுதிக் குடுத்திருந்தாலும் "இதைச் செஞ்சது நான்"னு சொல்ற உரிமை உங்களை விட்டுப் போகாது, அதே சட்டத்துல 57ஆம் பிரிவு. மொழிபெயர்ப்பாளர் பேரை அட்டையில போடாம உள்ள எங்கயோ பொடி எழுத்துல போடுறாங்களே, அதோட நிறுத்தாம சில இடத்துல "தொகுப்பும் தமிழாக்கமும்"னு பதிப்பாசிரியர் தன் பேரையும் சேர்த்து ஒட்டிக்கிறார். பின்னாடி பரிசுன்னு ஒரு பேச்சு வந்தா யாருதுன்னு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். அட்டை டிசைன் பிடிஎஃப் வரும்போதே பேரைப் பாருங்க, சரியில்லன்னா வாட்ஸப்ல சொல்றதோட விடாம மெயில்லயும் எழுதுங்க, அப்பதான் ஆதாரமா நிக்கும்.

யுவ புரஸ்காருக்கு அனுப்புற பசங்களுக்கு. இதுக்கு அகாதெமி விளம்பரம் குடுத்து புத்தகம் கேக்குது, எழுத்தாளரே அனுப்பலாம், பதிப்பாளரும் அனுப்பலாம், கட்டணம் எதுவும் கிடையாது. விருது வருஷத்தோட ஜனவரி 1 அன்னைக்கு வயசு 35 அல்லது அதுக்குக் கீழ இருக்கணும். புத்தகம் எழுதும்போது எத்தனை வயசுங்கிறது இங்க பேச்சே இல்ல. நம்ம ஊர்ல பல பேருக்கு ஸ்கூல்ல சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் போட்ட பிறந்த தேதிதான் சர்ட்டிஃபிகேட்ல இருக்கு, நிஜப் பிறந்தநாள் வேற. ஆபீஸ்ல காகிதம்தான் செல்லும், அதை வச்சுக் கணக்குப் போடுங்க. அடுத்தது புனைபெயர். அட்டையில ஒரு பேரு, சர்ட்டிஃபிகேட்ல ஒரு பேரு, ஆதார்ல இனிஷியல் முன்ன பின்ன, பேங்க் பாஸ்புக்ல வேற ஸ்பெல்லிங். ரெண்டும் ஒரே ஆள்தான்னு காட்ட காகிதம் கேட்டு அலையவிடுவாங்க. சுலபமான வழி, புத்தகம் அச்சாகும்போதே காப்புரிமை வரியில உங்க சர்ட்டிஃபிகேட் பேரைப் போட்டுடுங்க, அட்டையில புனைபெயர் இருக்கட்டும். செலவே இல்லாத வேலை, பண்ணாதவங்கதான் ஜாஸ்தி.

முதன்மை விருதுல என்னென்ன சேராதுன்னு வேகமா சொல்லிடுறேன். மொழிபெயர்ப்பு (அதுக்குத் தனிப் பரிசு), தொகுத்தது, சுருக்கினது, உரை எழுதினது, பட்டத்துக்காகப் பண்ணின ஆய்வேடு. கல்லூரிப் பேராசிரியர்கள் முன்னுரையில பெருமையா "இது என் முனைவர் பட்ட ஆய்வு"ன்னு எழுதுறீங்களே, அந்த வரியே உங்களை வெளிய அனுப்பிடும். ஏற்கனவே புத்தகமா வந்த கதைகளைத் திரட்டிப் போடுற "தேர்ந்தெடுத்த கதைகள்" வகையும் நிக்காது, பெரும்பகுதி முதல் தடவையா புத்தகத்துல வர்றதா இருக்கணும், பத்திரிகையில வந்திருந்தா பிரச்சினை இல்ல. எழுதினவர் இந்தியக் குடிமகனா இருக்கணும். யாழ்ப்பாணத்துல இருந்தோ டொரன்டோவுல இருந்தோ எழுதுற ஒருத்தர் எவ்வளவு பெரிய எழுத்தாளரா இருந்தாலும், சென்னைப் பதிப்பகம் போட்டிருந்தாலும், இந்தியக் குடியுரிமை இல்லன்னா இல்லதான். இங்கேயே முகாம்ல பிறந்து வளர்ந்து, நம்மளோட ஒரே பெஞ்சுல படிச்ச ஈழத் தமிழ்ப் பிள்ளைங்க எழுதினா? குடியுரிமை கிடைக்காத வரைக்கும் அவங்களுக்கும் இதே பதில்தான். எனக்கு இதைச் சொல்லவே கஷ்டமா இருக்கு, இதை மாத்தணும்னு எழுத்தாளர் சங்கங்க இன்னும் சத்தமா கேக்கணும்.

கடைசியா, விதிகள்லயே இருக்கிற ஒண்ணு: எழுத்தாளரோ அவர் சார்பா வேற யாரோ சிபாரிசு தேடி அலைஞ்சா, அந்தப் புத்தகத்தையே தகுதி நீக்கம் பண்ணலாம். தேர்வு எப்படின்னா, முதல்ல தகுதியான புத்தகங்களோட ஒரு அடிப்படைப் பட்டியல், அது மொழி ஆலோசனைக் குழுவுக்கும் பரிந்துரையாளர்களுக்கும் போய்க் குறுகி, கடைசியா மூணு நடுவர். நடுவர் பேரை முடிவு வந்த பிறகுதான் சொல்வாங்க. அதனால "ஜூரியில நம்ம ஆளு இருக்காரு, ஒரு இருபது காப்பியும் கொஞ்சம் செலவும் ஆகும்"னு யாராவது வந்தா அவர் பொய் சொல்றார், இல்லன்னா உங்க புத்தகத்துக்கே வேட்டு வைக்கிறார். ரிட்டயர்மென்ட் பணத்துல இருந்து எடுத்துக் குடுத்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும், அந்தப் பணம் திரும்பி வரவே இல்ல. "தேசிய விருது"ன்னு பேரு வச்சு நுழைவுக் கட்டணம் கேக்குற தனியார் கூட்டங்களும் இந்தக் கணக்குலதான் சேரும்.

சந்தேகம் இருந்தா மூணாவது மனுஷன்கிட்ட கேக்காதீங்க. சென்னையில தேனாம்பேட்டை அண்ணா சாலையில குணா கட்டடத்துல அகாதெமி ஆபீஸ் இருக்கு, டெல்லியில ரவீந்திர பவன்ல தலைமையகம். போன்ல வர்ற பதிலை நம்பி ஒரு வருஷத்தை விடாதீங்க, எழுத்துல கேளுங்க. எழுத்துல கேட்டும் பதில் வரலன்னா தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கு, 10 ரூபா கட்டணம், மத்திய அரசோட ஆர்டிஐ ஆன்லைன் தளத்துலயே போடலாம், 30 நாளைக்குள்ள பதில் சொல்லியாகணும். "என் புத்தகத்துக்கு ஏன் குடுக்கல"ன்னு கேட்டா ஒண்ணும் வராது. "இந்த வருஷ அடிப்படைப் பட்டியல்ல தமிழ்ல இருந்த புத்தகங்களோட பேரு, இந்தப் புத்தகத்துக்கு எடுத்துக்கிட்ட முதல் பதிப்பு வருஷம்"னு குறிப்பா, காகிதத்துல இருக்கக்கூடியதை மட்டும் கேளுங்க.