பழைய குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் வீடா? அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட் சட்டம் சொல்வது

அமெரிக்காவில் வீடு பார்க்கப் போகும் இடத்துக்கு அருகே வேலி போட்ட புல்மேடு ஒன்று இருக்கிறது. விசாரித்தால் அது நகராட்சியின் பழைய குப்பைக்கிடங்கு, ‘சூப்பர்ஃபண்ட்’ பட்டியலில் உள்ளது என்கிறார்கள். குப்பையை அள்ளிவிட்டார்களா? பெரும்பாலும் இல்லை. குப்பை அங்கேயேதான் கிடக்கிறது, மூடி வைத்துக் கண்காணிக்கிறார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் லவ் கெனால் குடியிருப்பில், மண்ணில் புதைத்த ரசாயனக் கழிவு வீடுகளின் பேஸ்மென்ட் வரை வந்த செய்தி 1978-ல் நாட்டையே உலுக்கியது. அதன் தொடர்ச்சியாக, இப்படி மாசுபட்ட இடங்களைக் கையாள 1980 டிசம்பரில் வந்தது சூப்பர்ஃபண்ட் சட்டம். இதை நடத்துவது மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ. மாசுபட்ட இடத்தின் ஆபத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். அது 28.5-ஐத் தொட்டால் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறத் தகுதி உண்டு. பேச்சுவழக்கில் ‘சூப்பர்ஃபண்ட் பட்டியல்’ என்பது இதைத்தான்.

ஊர்க் குப்பைக்கும் ரசாயனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். தொழிற்சாலைக் கரைப்பான்களும் பெயின்ட் கழிவும் அந்தக் காலத்தில் வீட்டுக் குப்பையோடு சேர்ந்தே வந்து விழுந்தன. பல கிடங்குகளுக்கு அடியில் தடுப்பு விரிப்பும் கிடையாது. மழைநீர் குப்பை வழியே இறங்கி, கரைவதையெல்லாம் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் கலக்கிறது. எதற்குள் எது கிடக்கிறது என்றே தெரியாத இவ்வளவு பெரிய குவியலைத் தோண்டிச் சுத்திகரிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால் நகராட்சிக் கிடங்குகளுக்கு ‘மூடிக் கட்டுப்படுத்துவதே’ வழக்கமான தீர்வு என்று இபிஏ 1993-ல் வழிகாட்டியது.

மூடுவது என்றால் வெறும் மண் போட்டு நிரப்புவது அல்ல. மேட்டைச் சரிவாகச் சமன்செய்து, நீர் புகாத பிளாஸ்டிக் விரிப்போ களிமண்ணோ பரப்பி, அதன்மேல் நீர் வடியும் அடுக்கு, அதற்கும் மேல் மண், கடைசியில் புல். மரம் வளர விடமாட்டார்கள், வேர் மூடியைத் துளைத்துவிடும். குப்பை அழுகும்போது உண்டாகும் மீத்தேன் வாயு வெளியேறக் குழாய் வைப்பார்கள். காற்றில் அது 5 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும், பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்டுக்குள்ளும் புகக்கூடும்.

மேட்டைச் சுற்றி மூடி போட்டு நிற்கும் குழாய்கள் கண்காணிப்புக் கிணறுகள். அவற்றின் அறிக்கையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானின் அளவு ஆண்டுக்கு ஆண்டு இறங்குவதைக் கண்டதும் நிம்மதியடைந்துவிட வேண்டாம். மண்ணுக்குள் அது சிதையும்போது வினைல் குளோரைடு உண்டாகலாம். குடிநீரில் முன்னதற்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், பின்னதற்கு 2 மட்டுமே. இரண்டு வரிசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குப்பை உள்ளேயே இருப்பதால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்தாக வேண்டும் என்கிறது சட்டம். பட்டியலிலிருந்து இடத்தை நீக்கிய பிறகும் இந்தக் கடமை தொடரும். மறுஆய்வில் கேள்விகள் மூன்று: ஏற்பாடு நினைத்தபடி வேலை செய்கிறதா? அன்று வைத்த அளவுகோல்கள் இன்றும் செல்லுமா? புதிதாக ஏதும் தெரியவந்துள்ளதா? இரண்டாவதுதான் கனமான கேள்வி என்பேன். எளிதில் சிதையாத ரசாயனங்களான பிஎஃப்ஓஏ (PFOA), பிஎஃப்ஓஎஸ் (PFOS) ஆகியவற்றுக்கு மத்திய அரசின் குடிநீர் வரம்பு 2024-ல்தான் வந்தது: லிட்டருக்கு 4 நானோகிராம். பழைய பரிசோதனைப் பட்டியல்களில் இவை இருக்க வாய்ப்பே குறைவு. முடிவுப் பகுதியில் ‘குறுகிய காலத்துக்குப் பாதுகாப்பானது’ என்று போட்டிருந்தால் ஏதோ வேலை பாக்கி இருக்கிறது. என்ன வேலை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று அதே அறிக்கையில் அட்டவணை இருக்கும். எல்லா அறிக்கைகளும் இபிஏ தளத்தில் இலவசம்.

செலவு? மாசுபடுத்தியவர்களிடமிருந்தே முதலில் வசூல். அவர்கள் கிடைக்காவிட்டால் மத்திய நிதி, கூடவே மாநிலம் 10 சதவீதம். மாநிலமோ உள்ளாட்சியோ நடத்திய கிடங்கு என்றால் மாநிலத்தின் பங்கு குறைந்தது 50 சதவீதம். அங்கே வீட்டுக் குப்பை போட்ட குடும்பங்களின் மேல் வழக்கு வராதபடி 2002-ல் திருத்தம் செய்துவிட்டார்கள்.

தீர்வை முடிவு செய்யும் முன் வரைவுத் திட்டத்தை வெளியிட்டுக் குறைந்தது 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். நேரத்தோடு கேட்டால் இன்னும் 30 நாள் கிடைக்கும். வந்த முக்கியக் கருத்துகளுக்கு எழுத்தில் பதில் தர வேண்டும். ஊர்க்காரர்கள் அமைப்பாகப் பதிவு செய்தால், அறிக்கைகளை விளக்கிச் சொல்லத் தனி நிபுணரை அமர்த்திக்கொள்ள 50,000 டாலர் வரை மானியம் தொடக்கத்தில் உண்டு.

வீடு வாங்குபவர்கள் பத்திரத்தில் கிணறு தோண்டத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சொந்தக் கிணறு இருந்தால், மத்திய குடிநீர்ச் சட்டம் அதற்குப் பொருந்தாது. பரிசோதிப்பது உங்கள் பொறுப்பு. மாசு உங்கள் பக்கம் நகர்வதாக அறிக்கை சொன்னால், அந்த இடத்துக்கான இபிஏ திட்ட மேலாளருக்கு எழுதி, உங்கள் கிணற்றையும் பரிசோதனையில் சேர்க்கச் சொல்லுங்கள். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் அந்த இடத்துக்கான இபிஏ பக்கத்திலேயே இருக்கும்.