கவுன்சலிங்: ஒரு சொல்லின் வழித்தடமும் அதற்கான தமிழும்

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் ஒருவரிடம் ‘கவுன்சலிங் முடிந்ததா?’ என்று கேட்டால், எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு கிடைத்தது என்று பதில் சொல்வார். எட்டாம் வகுப்பு மாணவரிடம் ‘உன்னைக் கவுன்சலிங்குக்குக் கூப்பிடுகிறார்கள்’ என்று சொன்னால், தாம் செய்த தவறு என்னவென்று யோசிக்கத் தொடங்குவார். அந்த அறைக்குள் போய்வந்தவரை மறுநாள் வகுப்பு எப்படிப் பார்க்கும் என்ற கவலையும் அவருக்குச் சேர்ந்தே வரும். முன்னவருக்கு அந்தச் சொல் ஓர் இடம் கிடைப்பதைக் குறிக்கிறது. பின்னவருக்கு ஒரு விசாரணையைக் குறிக்கிறது. பள்ளிகளில் மனநல விழிப்புணர்வைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் அந்த விழிப்புணர்வு ஒரு குழந்தையை எந்த அறைக்கு அழைத்துச் செல்ல வேண்டுமோ, அந்த அறையின் வாசலில் எழுதிய பெயரே குழந்தையைத் தயங்கவைக்கிறது என்பதை அவ்வளவாக எண்ணிப்பார்ப்பதில்லை.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் ‘கன்சிலியும்’ ஆகும். கூடி எண்ணுதல், எண்ணி எடுத்த முடிவு, அம்முடிவைத் தெரிவிக்கும் உரை ஆகிய மூன்றையும் அது குறித்தது. பழைய பிரெஞ்சு மொழியில் ‘கொன்செய்’ என மாறி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. இதனோடு ஒலியளவில் நெருங்கிய இன்னொரு இலத்தீன் சொல் ‘கொன்கிலியும்’. அதன் பொருள் அழைத்துக் கூட்டிய அவை. நகராட்சி உறுப்பினரைக் குறிக்கும் ‘கவுன்சிலர்’ அந்த இரண்டாவது வேரிலிருந்து பிறந்தவர். தமிழ் எழுத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. பள்ளிக்குக் கவுன்சிலர் வருகிறார் என்று அறிவித்தால், வார்டு உறுப்பினருக்கு நாற்காலி போடுவதா, மாணவர்களைத் தனித்தனியே அனுப்புவதா என்ற குழப்பம் நம் ஊரில் நேரக்கூடியதே.

அரசர்க்கும் வழக்காடுவோர்க்கும் உரியதாக இருந்த இச்சொல் இளைஞர் பக்கம் திரும்பியது அமெரிக்காவில்தான். 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டு நிலையம் ஒன்றை ஏற்படுத்தி, வேலை தேடும் இளைஞர்கள் தம் திறனையும் விருப்பத்தையும் எண்ணிப்பார்த்துத் தொழிலைத் தேர்ந்துகொள்ள உதவினார். பள்ளிக் கவுன்சலிங் முளைத்த இடம் அது. எனவே ‘எந்தப் பாடப்பிரிவை எடுப்பது’ என்ற நம் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளைக் கொச்சை என்று தள்ளிவிட முடியாது. ஒருவகையில் அதுவே மூத்த பொருள். சோவியத் ஒன்றியம் 1957இல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், அமெரிக்கா 1958இல் இயற்றிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பள்ளிக் கவுன்சலர்களின் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியது. அறிவியலில் வல்ல மாணவர்களை இனங்கண்டு வளர்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. குழந்தையின் துயரம் அப்போது அந்தச் சட்டத்தின் முதற்கவலையாக இருக்கவில்லை.

துயரத்தைக் கேட்கும் பொருளை இச்சொல்லுக்கு அழுத்தமாகத் தந்தவர்களுள் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் முதன்மையானவர். 1942இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே அவர் கவுன்சலிங்கையும் உளச்சிகிச்சையையும் அடுத்தடுத்து வைத்தார். தம்மிடம் வந்தவரை நோயாளி என்று சொல்லாமல், உதவி நாடி வந்தவர் என்ற பொருளில் ‘கிளையன்ட்’ என்றார். என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடாமல், வந்தவர் சொல்வதைத் தீர்ப்பின்றிக் கேட்டு, அவரே தம் வழியைக் கண்டடையத் துணைநிற்பது அவருடைய முறை. ஆக, அறிவுரை என்ற பொருளில் பிறந்த ஒரு சொல், அறிவுரை சொல்லாதிருத்தலையே பயிற்சியின் முதற்பாடமாகக் கொண்ட ஒரு தொழிலுக்குப் பெயராயிற்று. இந்தத் திருப்பத்தைக் கவனிக்காமல் செய்யும் எந்த மொழிபெயர்ப்பும் பழைய பொருளிலேயே போய் விழும். நமக்கு நேர்ந்ததும் அதுதான்.

கல்லூரிச் சேர்க்கைக்கு நாம் வைத்துக்கொண்ட ‘கலந்தாய்வு’ என்ற சொல்லை விரைவாகக் கடந்துவிடலாம். பொறியியல் சேர்க்கைக்கும், ஆசிரியர் பணியிட மாறுதலுக்கும் அது நிலைபெற்றுவிட்டது. 2018 முதல் பொறியியல் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது; மாணவர் யாரோடு கலந்து ஆய்கிறார் என்று கேட்காமலிருப்பது நல்லது. அச்சொல்லை அவ்விடத்திலேயே விட்டுவைப்பதால் ஒரு நன்மை உண்டு: மற்றப் பொருளுக்கு வேறு பெயர் தேடும் உரிமை நமக்குக் கிடைக்கிறது.

அந்த மற்றப் பொருளுக்கு அரசு அறிவிப்புகளிலும் நாளிதழ்களிலும் மிகுதியாக வழங்குவது ‘ஆலோசனை’. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை ஊர்திகளில் அனுப்பிய சேவைக்கும் ‘நடமாடும் உளவியல் ஆலோசனை மையம்’ என்றே பெயர். இது ‘லோசனம்’, அதாவது கண், என்ற சொல்லோடு உறவுடைய வடசொல். உற்றுப் பார்த்தல், எண்ணிப் பார்த்தல் என்பது அடிப்படைப் பொருள். ‘ஆலோசித்துச் சொல்கிறேன்’ என்று நாம் பேசும்போது அப்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. அங்கே எண்ணிப்பார்ப்பவர் பேசுபவரே. ஆனால் ‘ஆலோசனை வழங்குதல்’ என்று எழுதியவுடன் திசை மாறிவிடுகிறது. ஒருவர் வழங்குகிறார், மற்றவர் கைநீட்டி வாங்குகிறார். பேச்சுவழக்கு அதை மேலும் ஒரு படி இறக்கி, ‘கவுன்சலிங் கொடுத்து அனுப்பு’ என்றால் ‘நாலு புத்தி சொல்லி அனுப்பு’ என்று ஆக்கிவிட்டது. மதிப்பெண் குறைந்தவரும், தாமதமாக வருபவரும், வகுப்பில் சண்டையிட்டவரும் வரிசையில் நின்று புத்திமதி கேட்கும் அறையாக அது மாறிய பிறகு, இரவில் உறக்கமின்றித் தவிக்கும் அமைதியான மாணவி ஒருத்தி தானாக அங்கு வந்து கதவைத் தட்டுவாள் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை.

பழந்தமிழில் இதற்கு நிகர் இல்லாமல் போகவில்லை. கூடி எண்ணுதலுக்குச் ‘சூழ்தல்’ என்பதும் ‘சூழ்ச்சி’ என்பதும் வழங்கின. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று குறள் சொல்வது சதியை அன்று, ஆராய்ந்து எண்ணுதலை. கன்சிலியும் என்பதற்கு இதைவிட நேரான சொல் கிடைக்காது. இன்று அதைப் பள்ளியில் பயன்படுத்த முடியாது என்பதற்கு விளக்கமும் தேவையில்லை. இன்னொன்று ‘உசாத்துணை’. உசாவுதல் என்றால் வினவுதல், கலந்து ஆராய்தல். தொல்காப்பியக் களவியல் தோழியைப் பற்றிப் பேசுமிடத்தில் ‘சூழ்தலும் உசாத்துணை நிலைமையின் பொலிமே’ என்கிறது. வீட்டில் சொல்ல முடியாத ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு மெலியும் இளம்பெண், அவள் முகத்தைப் பார்த்தே ஏதோ இருக்கிறது என்று அறிந்து வினவும் தோழி என்ற அந்தக் காட்சியைவிட இப்பணிக்குப் பொருத்தமான உருவம் ஏது? ஆனால் நம் ஆய்வுலகம் ‘உசாத்துணை’யை எடுத்து நூலின் இறுதியில் வரும் ஆதாரப் பட்டியலுக்குப் பெயராக வைத்துவிட்டது. தோழி இருந்த இடத்தில் நூற்பட்டியல் உட்கார்ந்திருக்கிறது. மீட்க முடிந்தால் நன்று. முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது ‘ஆற்றுப்படுத்தல்’. தமிழ்நாட்டில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளின் பணி அறிவிப்புகளில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்ற பதவிப்பெயரைக் காணலாம். கிறித்தவத் திருச்சபைகளின் தமிழிலும் இது நெடுநாளாக வழங்குகிறது. பெயரிலேயே சங்க இலக்கியம் மணப்பதால் பலருக்கும் இதன்மேல் ஒரு விருப்பம் உண்டு. ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் என்பது வழிப்படுத்தல். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, வறுமையோடு எதிரே வரும் தன்போன்ற ஒருவனுக்கு வள்ளல் இருக்கும் ஊருக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்று தொல்காப்பியம் அதன் இலக்கணத்தைச் சொல்கிறது. இதில் இரண்டு அழகுகள் உள்ளன. வழி சொல்பவன் மேலிருந்து பேசுபவன் அல்லன். நேற்றுவரை அதே பசியில் இருந்தவன். அவன் சொல்வதும் வெறும் ஊக்கமொழி அன்று. நன்னன் என்னும் வள்ளலிடம் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் மலைபடுகடாம் என்னும் ஆற்றுப்படை, பன்றிக்கு வைத்த பொறியையும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லையும், வழுக்கும் இடங்களையும், பாம்பு உறையும் குழிகளையும் ஒவ்வொன்றாக எச்சரித்துச் செல்கிறது. ‘தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று அது முடித்துக்கொள்ளவில்லை.

இந்த அழகுகளை ஒப்புக்கொண்ட பின்னும் இச்சொல்லில் எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது. ஆற்றுப்படை பாடுபவனுக்குப் போய்ச்சேர வேண்டிய இடம் தெரியும். தான் நடந்த பாதையையே அவன் மற்றவனுக்கும் காட்டுகிறான். பதினைந்து வயதுக் குழந்தையின் முன் அமர்ந்திருப்பவர்க்கு அப்படி ஒரு நன்னன் ஊர் முன்கூட்டியே தெரியாது. தெரியும் என்று அவர் எண்ணிக்கொள்ளும் நொடியில் மீண்டும் அறிவுரை தொடங்கிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைய காதுக்கு ‘ஆற்று’ என்றதும் வழி நினைவுக்கு வருவதில்லை, ஆறுதல்தான் வருகிறது. சூட்டைத் தணித்தல் என்னும் பொருளுடைய ஆற்றுதல் வேறு வினை. இரண்டும் மயங்கி, அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவதே இப்பணி என்று பலர் கருதுகின்றனர். சில வேளைகளில் குழந்தையை அழவிடுவதும் இப்பணியின் பகுதியே.

‘மனநல ஆலோசனை’ என்று அடைமொழி சேர்ப்பதால் நிலைமை தேறுவதில்லை. மனநலம் என்பது நலத்தைக் குறிக்கும் நல்ல சொல்தான். ஆனால் மருத்துவமனைப் பெயர்ப்பலகைகளில் நோய்க்கு மாற்றாக அதைப் பயன்படுத்திப் பயன்படுத்தி, நலம் என்றாலே நோய் என்று கேட்கும்படி ஆக்கிவிட்டோம். மனநல மருத்துவமனை இருக்கும் இடத்தின் பெயரே வசையாகிவிடுகிறது: சென்னைச் சிறுவர்களுக்குக் ‘கீழ்ப்பாக்கம்’ ஒரு வசைச்சொல். இலங்கைச் சிறுவர்களுக்கு ‘அங்கொடை’ அதே வசைச்சொல். அந்த நிழல் பள்ளி அறையின் பலகையிலும் விழுகிறது. தமிழ்நாட்டில் 14416 என்ற தொலைபேசிச் சேவைக்கு 2022இல் ‘நட்புடன் உங்களோடு’ என்ற சொற்களை முன்னே வைத்து, மனநல சேவை என்பதைப் பின்னே வைத்துப் பெயரிட்டவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இலங்கைத் தமிழர் வேறு ஒரு சொல்லை வளர்த்தெடுத்தனர்: ‘உளவளத்துணை’. போரின் இழப்புகளாலும், 2004 ஆழிப்பேரலையாலும் நொந்த மக்களிடையே பணியாற்றிய சாந்திகம் போன்ற அமைப்புகளின் வழியாகவும், அரச அலுவலகங்களின் வழியாகவும் அது பரவிற்று. பாடசாலைகளில் ‘வழிகாட்டலும் ஆலோசனையும்’ என்ற கல்வித்துறைத் தொடரும், கல்வியியலாளர் சிலர் எழுதிய ‘சீர்மியம்’ என்ற சொல்லும் அங்கே உண்டு. சீர்மியத்தில் சீராக்குதல் என்ற எண்ணம் ஒளிந்திருப்பதால், சீர் குலைந்தவர்க்குரியது என்ற தொனி வந்துவிடுகிறது. உளவளத்துணையில் அந்தக் குறை இல்லை. உள் என்ற அடியிலிருந்து வந்த உளம். அதில் இருப்பதாகக் கருதப்படுவது நோய் அன்று, வளம். மற்றவர் செய்வது திருத்தமோ உபதேசமோ அன்று, துணை. வழித்துணை என்று நாம் சொல்லும்போது நடப்பவர் வேறொருவர், துணை உடன்வருபவர் என்பது தானே விளங்குகிறது. ரோஜர்ஸ் ஒரு நூல் முழுக்க விளக்கியதில் பாதியை இக்கூட்டுச்சொல்லின் மூன்று உறுப்புகள் சொல்லிவிடுகின்றன என்றால் மிகையாகாது.

ஆகவே பள்ளிகளுக்கு உளவளத்துணை, உளவளத்துணையாளர் என்ற சொற்களையே பரிந்துரைப்பேன். இவை தொழிலின் எல்லையையும் காட்டுகின்றன. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். சோதித்து மதிப்பிட்டு உளச்சிகிச்சை அளிப்பவர் மருத்துவ உளவியலாளர். உளவளத்துணையாளர் கேட்டு, உடனிருந்து, தேவைப்படும்போது அவர்களிடம் அனுப்பிவைப்பவர். ‘நீ சொல்வது என்னைத் தாண்டிப் போகாது’ என்று அவர் வரம்பின்றி வாக்களிக்க முடியாது. குழந்தையின் உயிருக்கு ஆபத்து என்றாலோ, பாலியல் வன்முறை நடந்திருந்தாலோ தெரிவித்தே ஆக வேண்டும். பின்னதை இந்தியாவில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயமாக்குகிறது. இவ்வரம்பைக் குழந்தை எல்லாவற்றையும் கொட்டிய பிறகு சொன்னால் அது துரோகமாகத் தோன்றும். முதல் சந்திப்பிலேயே எளிய சொற்களில் சொன்னால் துணை என்ற பெயர் பொய்க்காது.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும், குழந்தைகள் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஒருவரையேனும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுநெறி வகுத்திருக்கிறது. இதைப் பின்பற்றும் பள்ளிகளில் பெயர்ப்பலகைகள் எழுதப்படும். அவற்றில் என்ன எழுதுவது என்ற கேள்வி எழும். ‘உளவளத்துணை’ முதற்பார்வைக்கு நீளமாகவும் புதிதாகவும் தெரியலாம். பேச்சில் ‘கவுன்சலிங்’ சில காலம் தொடரவே செய்யும். அதைத் தடுக்கப் போவதில்லை, பலகையில் சிறிய எழுத்தில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். வினையாக்கும்போது மட்டும் ஒரு கவனம் தேவை. ‘உளவளத்துணை கொடுத்தார்’ என்று எழுதினால் பழைய வழங்கல்-வாங்கல் பின்வாசல் வழியே நுழைந்துவிடும். ‘மாணவி உளவளத்துணையை நாடினாள்’, ‘உளவளத்துணையாளர் அவளோடு நான்கு முறை அமர்ந்து பேசினார்’ என்று எழுதலாம். அந்த அறையைத் தேடிவரும் குழந்தைகள் எப்படியும் இந்தச் சொற்களில் எதையும் சொல்வதில்லை. ‘மிஸ், கொஞ்சம் பேசணும்’ என்றுதான் கேட்கிறார்கள்.