மின்கலம் இல்லாமல் துடிப்பை உணரும் ஜெல்

தோலின் மேல் ஒட்டிக்கொண்டு நாடித் துடிப்பையோ மூட்டின் அசைவையோ அளக்க வேண்டிய உணரிக்கு உலோகம் எளிதில் ஒத்துவருவதில்லை. தோல் நீளும், அதன்மேல் படிந்த மெல்லிய உலோகப் படலமோ சில விழுக்காடு நீட்சியிலேயே விரிசல் விடத் தொடங்கும். அதனால் ஆய்வாளர்கள் ஹைட்ரோஜெல் பக்கம் திரும்பினர். பாலிமர் இழைகளாலான ஒரு வலை, தன் எடையில் பெரும்பகுதியாக நீரைப் பிடித்து வைத்திருப்பதே ஹைட்ரோஜெல். மென்மையான கான்டாக்ட் லென்ஸும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். அந்த நீரில் உப்பைக் கரைத்துவிட்டால், கம்பியில் எலக்ட்ரான்கள் செய்யும் வேலையை ஜெல்லில் அயனிகள் செய்யும்.

மின்கலம் இன்றிச் சமிக்ஞை பெற உதவுவது உராய்வு மின்சாரம். உராய்வைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நானோ மின்னாக்கியை 2012இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் ஜோங் லின் வாங்கின் குழு அறிமுகப்படுத்தியது. அவரும் பங்கேற்ற 2017ஆம் ஆண்டு ஆய்வொன்றில், லித்தியம் குளோரைடு கரைந்த பாலிஅக்ரிலமைடு ஜெல்லை ரப்பர் போன்ற படலங்களுக்கு இடையே வைத்தார்கள். அந்த அமைப்பு 1160 விழுக்காடு வரை நீண்டது. கட்புலன் ஒளியில் சராசரியாக 96.2 விழுக்காட்டை ஊடுருவ விட்டது.

ஜெல்லை மூடியிருக்கும் சிலிக்கோன் ரப்பரை விரல் தொடும்போது ரப்பர் எதிர்மின்னூட்டமும் தோல் நேர்மின்னூட்டமும் பெறுகின்றன. விரல் விலகியதும் ரப்பரில் தங்கிய மின்னூட்டம் ஜெல்லின் நேர் அயனிகளைத் தன் பக்கம் இழுக்க, எதிர் அயனிகள் ஜெல்லுக்குள் செருகிய உலோகக் கம்பியை ஒட்டிச் சேர்கின்றன. அவற்றின் விலக்கத்தால் கம்பியிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றுக்குள் பாய்கின்றன. மீண்டும் தொட்டால் ஓட்டம் திசை மாறும். அயனிகள் கம்பிக்குள் நுழைவதில்லை, எலக்ட்ரான்கள் ஜெல்லுக்குள் வருவதில்லை. ஆனாலும் சமிக்ஞை கடந்துவிடுகிறது. ஜெல்லும் கம்பியும் சந்திக்கும் இந்த எல்லையில், எதிரெதிர் மின்னூட்டங்கள் நெருங்கி நிற்பதால் உருவாகும் மின் இரட்டை அடுக்கின் மின்தேக்குத்திறன் மிகப் பெரியது என்பதால், மின்னாக்கி நூற்றுக்கணக்கான வோல்ட் காட்டினாலும் எல்லையில் விழும் மின்னழுத்தம் மிகச் சிறிதாகவே இருக்கிறது. நீர் மின்னாற்பகுப்பு அடையாமல் தப்புவதும் இதனால்தான். இந்த ஏற்பாட்டின் மிக அழகான பகுதி இதுவே என்பேன்.

இதில் மின்னூட்டத்தை உண்டாக்குவது ரப்பர். ஜெல் வெறும் மின்முனை. ஜெல்லே மின்னழுத்தம் தரும் வழியும் உண்டு. பிழியப்பட்ட பஞ்சைப் போல, அழுத்திய இடத்திலிருந்து திரவம் நகரும்போது, சிறிய அயனிகள் அதனுடன் விரைய, பருத்த அயனிகள் வலையில் சிக்கிப் பின்தங்கும்; இந்தப் பிரிவே மின்னழுத்தமாகிறது.

இவ்வளவு இருந்தும் ஜெல்லின் பெரும் பகை காற்றுதான். திறந்து வைத்தால் நீர் ஆவியாகி, ஜெல் விறைத்துக் கடத்துதிறனை இழக்கும். ஈரம் ஈர்க்கும் லித்தியம் குளோரைடும் கிளிசராலும் இதைத் தாமதப்படுத்துகின்றன. நீருக்குப் பதில், அயனிகளால் மட்டுமே ஆன, ஆவியாகாத அயனித் திரவங்களை நிரப்பும் அயனோஜெல்களும் உண்டு, ஆனால் அவற்றில் சில தோலுக்கு ஆகாதவை. வியர்வையோ ரப்பரின் மேற்பரப்பு மின்னூட்டத்தையே கசியவிடும்.

மின்கலம் இன்றித் தானே மின்சாரம் தரும் இத்தகைய உணரிகளுக்குச் சூட்டப்படும் ‘தற்சார்பு’ என்ற சொல்லையும் அளந்தே படிக்க வேண்டும். உராய்வு தருவது உயர்ந்த மின்னழுத்தம், ஆனால் மிகக் குறைந்த மின்னோட்டம். உணர்வதற்கு அது போதும். அந்தச் சமிக்ஞையைப் புளூடூத் வழியே கைபேசிக்கு இடைவிடாது அனுப்பும் மின்சுற்றுக்குப் பொதுவாகப் போதாது. ஆகவே பல சோதனை அமைப்புகளில் ஜெல்லுக்கு மின்கலம் தேவைப்படாவிட்டாலும், அதன் அருகே இருக்கும் அனுப்பிக்கு ஒன்று தேவைப்படுகிறது.